ஸ்லீப் ஆப்னியா: கையேட்டுக்கு என்ன சொல் போடலாம்? (வெள்ளிக்கிழமை அச்சு)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். உறக்க ஆய்வகம் ஒன்றின் நோயாளி கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று தொடரும் நோயான ஸ்லீப் ஆப்னியாவைப் பலரும் 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' என்றுதான் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா? மூச்சு முழுதும் நிற்காமல் குறைந்துபோகும் ஹைபாப்னியா, மாஸ்க் வழியே காற்றழுத்தம் தரும் சீபேப் கருவி இரண்டுக்கும் சொல் வேண்டும்.

நுரையீரல் மருத்துவர்:

தயவுசெய்து திணறல் வேண்டாம். அது ஆஸ்துமாக்காரர் விழித்திருக்கும்போது உணர்ந்து சொல்லும் தொல்லை. ஆப்னியா உள்ள பலருக்கு இரவில் நடப்பது தெரிவதே இல்லை. குறட்டை சட்டென நின்று, பிறகு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்குவதைப் பக்கத்தில் படுப்பவர்தான் பார்க்கிறார். 'எனக்குத் திணறலே இல்லையே' என்று நோயாளி கையேட்டை மூடிவிடுவார். பகலில் அசதி, காலையில் தலைவலி, வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது என்று அவர் அறிந்த அறிகுறிகளை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

வரையறை இது: காற்றோட்டம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து, குறைந்தது 10 நொடி நீடித்தால் ஆப்னியா. 30 விழுக்காடாவது குறைந்து, 10 நொடி நீடித்து, கூடவே ஆக்சிஜன் செறிவு 3 விழுக்காடு இறங்கினாலோ உறக்கம் கலைந்தாலோ ஹைபாப்னியா. இரண்டையும் கூட்டி, மணிக்கு எத்தனை என்று கணக்கிடுகிறோம். 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

தமிழாசிரியர்:

மருத்துவர் சொல்வது சரி. 'துஞ்சு மூச்சின்மை' என்று முன்மொழிகிறேன். துயில், உறக்கம், துஞ்சல் மூன்றில் துஞ்சலே செறிவானது. உறக்கமும் சாவும் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. 'துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்' என்ற குறளும், 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்று சோழ மன்னனைக் குறிக்கும் வழக்கும் உண்டு. இந்நோயின் தன்மைக்கு இதைவிடப் பொருந்தும் வேர்ச்சொல் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அந்தச் செறிவுதான் எனக்குத் தடை. கிள்ளிவளவன் குளமுற்றத்தில் இறந்தான் என்பதற்கான சொல்லை, அறுபது வயதில் முதன்முறை பரிசோதனைக்கு வருபவர் கையில் எப்படிக் கொடுப்பேன்? 'உறக்க மூச்சுத்தடை' எல்லோருக்கும் புரியுமே.

உறக்க ஆய்வகத் தொழில்நுட்பர்:

'தடை' பாதி நோய்க்குத்தான் பொருந்தும். பதிவைப் பார்த்தால் விளங்கும். மூக்கடியில் உள்ள உணரியின் கோடு தட்டையாகிவிடும். அடைப்பு வகையில் நெஞ்சுப் பட்டையும் வயிற்றுப் பட்டையும் அப்போதும் அசைந்துகொண்டிருக்கும், அதுவும் பெரும்பாலும் எதிரெதிராக. தொண்டை மூடியிருக்க, உடல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மைய வகையில் மூளையின் உந்துதலே வராததால் இரண்டு பட்டையும் தட்டை. அங்கே தடுப்பது எதுவுமில்லை, முயற்சியே இல்லை. பொதுச்சொல் இரண்டையும் தாங்க வேண்டும். 'மூச்சு நிறுத்தம்' போடலாம்.

தமிழாசிரியர்:

நிறுத்தம் பிறவினை, யாரோ நிறுத்துகிறார் என்றாகும். தானே நிற்பதால் 'நிற்றல்' என்பதே முறை. மூச்சுப் பயிற்சியில் மூச்சை உள்ளே நிறுத்திவைக்கும் கும்பகத்தை நினையுங்கள். திருமந்திரம் பூரகத்துக்கு (உள்ளிழுத்தல்) 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு (வெளிவிடுதல்) 32 மாத்திரைக் கால அளவு வகுக்கிறது. அது அறிந்து நிறுத்துவது, இது அறியாமல் நிற்பது. இந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டாமா?

நுரையீரல் மருத்துவர்:

வேறுபாடு சரி. ஆனால் ஊர்வழக்கில் 'மூச்சு நின்னுபோச்சு' என்றால் ஆள் போய்விட்டார் என்று பொருள். 'இடைநிற்றல்' என்றால்? நின்று, மறுபடி தொடர்கிறது என்பது வந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:

பள்ளி இடைநிற்றல் என்கிறோமே டாக்டர். அந்தப் பிள்ளை திரும்புவதில்லை. ஆனாலும் மற்றவற்றைவிட இது தேவலை. 'உறக்க மூச்சு இடைநிற்றல்', உள்ளே 'அடைப்பு வகை', 'மைய வகை'. ஹைபாப்னியாவுக்கு 'மூச்சுக் குறைவு'. சீபேப்புக்கு 'தொடர் மிகையழுத்தக் கருவி' சரியா?

உறக்க ஆய்வகத் தொழில்நுட்பர்:

கூடாது. இரத்த அழுத்தக்காரர்கள் பலர் வருகிறார்கள்; மிகையழுத்தம் என்றால் மிரள்வார்கள். கருவி தருவது வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம்தான். தொண்டைச் சுவர் ஒட்டிக்கொள்ளாமல் காற்றால் தாங்கிப் பிடிக்கிறது. கடையிலும் கேட்பது 'சீபேப் மெஷின்' என்றுதான். பெயரை அப்படியே விட்டு, பக்கத்தை இதற்குச் செலவிடுங்கள்:

மாஸ்க்கைப் படுத்த நிலையில், காற்று ஓடும்போதே பொருத்திப் பார்க்க வேண்டும். கசிந்தால் வாரை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. சிலிகான் மெத்தை நசுங்கிக் கசிவு கூடும், மூக்குத்தண்டு புண்ணாகும். தளர்த்தி, சற்று முன்னே இழுத்து, மீண்டும் உட்கார வைக்க வேண்டும். முக எண்ணெய் பட்டாலும் மெத்தை வழுக்கும். தினமும் மென்சோப்பால் கழுவ வேண்டும். ஈரமூட்டித் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர், அதையும் தினமும் மாற்ற வேண்டும். காலையில் வாய் வறண்டிருந்தால் வாய்வழியே காற்று போகிறது. வாயையும் மூடும் மாஸ்க் தேவைப்படலாம்.

நுரையீரல் மருத்துவர்:

விடியற்காலையில் கழற்றிவிடுவதையும் எழுதுங்கள். கனவுறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அதில் தசைகள் தளர்வதால் பலருக்கு அடைப்பு மோசமாகும். நாலு மணிநேரம் போட்டால் போதும் என்ற பேச்சு இதனால்தான் ஆபத்து. எடை குறைப்பு, ஒருக்களித்துப் படுத்தல், இரவில் மதுவைத் தவிர்த்தல், கீழ்த்தாடையை முன்னே தள்ளும் பற்கருவி எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். லேசான வகைக்குச் சிலவேளை அவையே போதும்.

மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் தலைப்பு 'உறக்க மூச்சு இடைநிற்றல்', அடியில் 'ஸ்லீப் ஆப்னியா'. மூவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர்:

நான் ஒப்பவில்லை. 'உறக்க மூச்சு' என்று சேர்ந்ததும் உறக்கத்தில் விடும் மூச்சு என்றாகி, நிற்பது பின்னுக்குப் போகிறது. 'உறக்கத்தில்' என்று ஏழாம் வேற்றுமையை விரித்தாவது எழுதுங்கள் அம்மா.

மொழிபெயர்ப்பாளர்:

அதை ஏற்கிறேன் ஐயா, விரித்தே போடுகிறேன். துஞ்சலை மட்டும் விட்டுவிடுங்கள்.

தமிழாசிரியர்:

கையேட்டுக்கு விடுகிறேன். கலைச்சொல் பட்டியலுக்கு விடமாட்டேன்.