அகாந்தொஸ்டெகா: எட்டு விரல் இருந்தும் நீர்வாழ் விலங்கு என்பதற்கு எந்த எலும்பைக் காட்டுவது?

ஆற்றுப்படுகை:
மிகப் பழைய நான்குகால் விலங்குகளில் ஒன்றான அகாந்தொஸ்டெகாவின் புதைபடிவத்தை, அதன் முப்பரிமாண மாதிரியை வைத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். கிழக்கு கிரீன்லாந்து, டெவோனியன் காலத்தின் கடைசி, சுமார் 36.5 கோடி ஆண்டுப் பழமை. கையில் எட்டு விரல் பளிச்சென்று தெரிகிறது. "விரல் வந்தாச்சே, அப்புறம் எப்படி இது நீரில் வாழ்ந்தது?" என்று கட்டாயம் கேட்பார்கள். செவுள் இருந்தது என்றால் தலைப்பிரட்டைக்கும்தான் செவுள் உண்டு என்பார்கள். எலும்பிலேயே காட்டக்கூடிய சான்றுகள் எவை?

முள்ளெலும்பு:
விரலை விட்டுவிட்டு முழங்கையில் தொடங்குங்கள். எடை தாங்கும் காலில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலுள்ள இரண்டு எலும்புகளான ரேடியஸும் அல்னாவும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து மணிக்கட்டின் மேல் பாரத்தை இறக்கும். அகாந்தொஸ்டெகாவில் அல்னா ரேடியஸைவிட நன்றாகவே குட்டை. யூஸ்தெனாப்டெரான் மீனின் துடுப்புக்குள்ளும் இதே ஏற்றத்தாழ்வுதான். அல்னாவின் மேல்முனையைப் பாருங்கள். நம் முழங்கையை மடக்கினால் பின்னால் கூராகத் தட்டுப்படும் அந்த முனைப்பு இதற்கு இல்லை. முழங்கையை நீட்டும் தசை அதில்தான் பற்றும். அது இல்லாத கையை ஊன்றி மார்பைத் தரையிலிருந்து தூக்குவது கடினம்.

பிறகு இடுப்புக்குப் போங்கள். இடுப்பு வளையம் பெரியதுதான், ஆனால் முதுகெலும்போடு அதன் பிணைப்பு தளர்வானது. பின்கால் தள்ளும் விசை முதுகுத்தண்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. விலா எலும்புகளும் குட்டையானவை, அதிக வளைவில்லாதவை. வாலில் மேலும் கீழும் நீளமான துடுப்புக் கதிர்கள் இருக்கின்றன. தரையில் இழுபடும் வாலுக்கு அடிப்பக்கக் கதிர்கள் நிலைக்காது.

இத்தனையும் சேர்ந்த உடம்பில் எட்டு விரல் என்பது அகலமான ஒரு துடுப்புத்தட்டு. நடப்பதற்கு முன்பே விரல் வந்துவிட்டது என்பதுதான் இந்த விலங்கு நமக்குத் தரும் பெரிய செய்தி. மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

செவுள்வளைவு:
தலைப்பிரட்டைக் கேள்விக்கு நேரடியான பதில் உண்டு. 1991இல் ஆய்வாளர்கள் கோட்ஸும் கிளாக்கும் காட்டியது வெறும் "செவுள்" அல்ல, மீனுக்குரிய உட்செவுள். செவுள் வளைவு எலும்புகளில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. மீன்களில் செவுளுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கும். தோள்வளையத்தில் கிளைத்ரம் எலும்பின் முன்விளிம்பில் ஒரு தகடும் இருக்கிறது. மீனில் அது செவுளறையின் பின்சுவர். தலைப்பிரட்டை, சாலமாண்டர் (வாலுள்ள நீர்நில விலங்கு) ஆகியவற்றின் இளம்பருவத்துப் புறச்செவுள் எலும்பில் இப்படிப்பட்ட தடத்தை விடாது. உங்கள் மாதிரியில் தோள்வளையம் இருந்தால் இந்தத் தகட்டைத் தொட்டுக் காட்டலாம்.

ஒரு துணைச்செய்தி: மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துவாய்களின் வடிவத்தை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, இது இரையை உறிஞ்சி இழுக்காமல் நேராகக் கடித்துப் பிடித்திருக்கும் என்கிறது. வாய் நிலத்துப் பாணிக்கு மாறியிருக்க, கால் நீர்ப் பாணியிலேயே இருந்திருக்கிறது.

கடைவிரல்:
முள்ளெலும்பு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மணிக்கட்டு எலும்புகள் பெரும்பாலும் காணவில்லை என்பதையும் சிலர் நீர்வாழ்வுக்குச் சான்றாகச் சொல்வார்கள். பாடத்தில் அதைச் சேர்க்காதீர்கள். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்-கதிர்க் கருவி) ஹியூமரஸ் என்ற மேற்கை எலும்புகளின் வளர்ச்சிக் கோடுகளைப் பார்த்து 2016இல் வந்த ஆய்வின்படி, ஒரே இடத்தில் குவியலாகச் செத்துக் கிடந்த அகாந்தொஸ்டெகாக்கள் எல்லாம் முதிராதவை. குறைந்தது ஆறு வயதானவற்றுக்குக்கூட வளர்ச்சி முடியவில்லை, கால் குருத்தெலும்பு மிகத் தாமதமாகவே எலும்பானது. ஆக, மணிக்கட்டு வெற்றிடம் வயதாலும் வந்திருக்கலாம். "இந்த நீண்ட இளம்பருவம் முழுக்க நீரில் கழிந்தது" என்று சொன்னால் வலுவாக நிற்கும்.

ஆற்றுப்படுகை:
மிகவும் உதவியாக இருக்கிறது, நன்றி. மாணவர்களையே அளக்கவும் எண்ணவும் வைக்கலாமா? பக்கத்தில் இன்னொரு டெவோனியன் நான்குகால் விலங்கான இக்தியோஸ்டெகாவை வைத்தால் குழப்புமா?

முள்ளெலும்பு:
கட்டாயம் வையுங்கள், வேறுபாடு அப்போதுதான் கண்ணில் படும். இக்தியோஸ்டெகாவுக்கு முழங்கை முனைப்பு உண்டு, விலா எலும்புகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஆனாலும் 2012இல் மூட்டுகளைக் கணினியில் அசைத்துப் பார்த்தபோது, தோளிலும் இடுப்பிலும் கால் எலும்பு தன் நீள அச்சைச் சுற்றிப் போதுமான அளவு சுழலவில்லை. சாலமாண்டர் போல நான்கு காலையும் மாற்றி மாற்றி வைத்து நடந்திருக்காது. பின்காலில் ஏழு விரல். முன்கை விரல்கள் கிடைக்கவே இல்லை, அதனால் "கையில் எத்தனை" என்று கேட்டுவிடாதீர்கள். ஐந்து விரல் போட்ட பழைய படங்களையும் தவிர்க்கவும். 1990க்குப் பிறகு அவை செல்லாது.

எண்ணும்போது, மூட்டோடு மூட்டு பொருந்திக் கிடக்கும் அடிவரிசையை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். சிதறிய விரலெலும்புகளைக் கூட்டினால் கணக்கு தப்பும். விரிசலை மூட்டு என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மூட்டு முனை சற்றே பருத்து வழுவழுப்பாக இருக்கும். உடைந்த முனை சொரசொரப்பாக, எதிர்த்துண்டோடு அப்படியே பொருந்தும். அளப்பதற்கு நீளத்தை எடுங்கள், அகலத்தை நம்ப வேண்டாம்: பாறையின் பாரம் படுக்கையாகக் கிடந்த எலும்பைத் தட்டையாக்கி அகலத்தைக் கூட்டிவிடும். ரேடியஸ், அல்னா இரண்டும் ஒரே விலங்கின் ஒரே பக்கத்தவையா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைவிரல்:
நேரமிருந்தால், நான்குகால் விலங்குகளுக்கு நெருங்கிய மீனான டிக்டாலிக்கையும் சேருங்கள். 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது, சுமார் 37.5 கோடி ஆண்டு. துடுப்புக் கதிர் அப்படியே இருக்கிறது, விரல் இல்லை. ஆனால் தலையைத் தோளோடு பிணைக்கும் எலும்புகள் போய்க் கழுத்து விடுபட்டுவிட்டது. மூன்றையும் ஒரே ஏணியின் படிகளாக மட்டும் வரையாதீர்கள். போலந்தின் சாகெல்மியே என்ற இடத்தில் கிடைத்த, காலடி என்று கருதப்படும் சுவடுகள் சுமார் 39 கோடி ஆண்டுப் பழையவை. அவற்றை மீன் இரை தேடிய குழிகள் என்று வாதிடுவோரும் உண்டு. காலடிதான் என்றால் டிக்டாலிக்குக்கு முன்பே விரலுள்ள கால்கள் இருந்திருக்க வேண்டும்.