போர்ச்சுகல் ஆலிவ் பண்ணையில் மூன்று வாரம், தனியாகப் போகலாமா?

தூக்கணாங்குருவி:
வணக்கம். ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். தீசிஸ் கொடுத்துவிட்டால் அக்டோபரில் மூன்று வாரம் சும்மாதான் இருப்பேன். ஊர் சுற்றக் கையில் காசு இல்லை, அதனால் பண்ணையில் வேலை செய்தால் சாப்பாடும் இடமும் தருகிறவர்களைக் காட்டும் வூஃப் (WWOOF) தளத்தில் தேடி, போர்ச்சுகலில் ஃபுண்டாவ் பக்கம் ஒரு சின்னப் பண்ணையைப் பிடித்து வைத்திருக்கிறேன். வயதான கணவன் மனைவி இரண்டே பேர், நூற்றுச் சொச்சம் ஆலிவ் மரம், நாலு ஆடு, ஒரு காய்கறித் தோட்டம். தினம் ஐந்து மணி நேரம் வேலை, வாரம் ஐந்து நாள், சாப்பாடும் தங்கும் இடமும் அவர்கள் பொறுப்பு. இதுவரை மண்வெட்டியைக் கையால் தொட்டதில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிட்டேன், பரவாயில்லை வா என்கிறார்கள். தனியாகப் போகிற பெண்ணுக்கு இது சரிப்படுமா? நான் சுத்த சைவம். என்னிடம் இருப்பது ஜெர்மனி மாணவர் விசா, அது போதுமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கரிசல்காட்டான்:
கோவில்பட்டி பக்கம் எங்கள் அப்பா மூன்று ஏக்கர் உளுந்தை வைத்துக்கொண்டு களையெடுக்க ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறார். நீங்கள் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வெள்ளைக்காரர் தோட்டத்தில் சும்மா வேலை செய்யப் போகிறீர்கள். நடத்துங்கள் தாயே. ஊருக்கு வந்தால் சொல்லுங்கள், எங்கள் வீட்டிலும் சாப்பாடும் கட்டிலும் உண்டு.

பனங்கிழங்கு:
கரிசல் அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, மீதிப் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன். அதே பக்கம் ஒரு நவம்பர் முழுக்க இருந்துவிட்டு வந்தவள் நான்.

முதலில் மாதத்தைச் சரிபார் தங்கச்சி. அங்கே பெரும்பாலும் கலேகா என்கிற நாட்டு ஆலிவ், பொடிக் காய், கறுத்துப் பழுக்கவே நவம்பர் ஆகிவிடும். அக்டோபர் தொடக்கத்தில் போனால் ஆலிவ் பறிப்பு என்று நினைத்துப் போய் முள்வெட்டிக்கொண்டு இருப்பாய். அதுவும் வேண்டாத வேலை இல்லை. 2017 ஜூனில் பெத்ரோகாவ் கிராந்தி பக்கம் பிடித்த காட்டுத்தீயில் 66 பேர் செத்தார்கள், அதிலிருந்து வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதரை ஒழிக்கும் சட்டத்தைக் கறாராகப் பார்க்கிறார்கள். இளசுகள் எல்லாம் லிஸ்பனுக்கும் பிரான்ஸுக்கும் போய்விட்ட ஊர்கள் அவை, அந்த முள்ளை வெட்டத்தான் ஆள் இல்லை. (அண்ணா, உங்கள் அப்பா கதைதான் அங்கேயும்.)

ஆலிவ் பறிப்பது எப்படி என்றால், மரத்தடியில் பெரிய வலையை விரித்து, மேட்டுப்பக்கத்து ஓரத்தைக் கல் வைத்து அமுக்கிவிட்டு, கிளையைச் சீப்பு மாதிரி ஒன்றால் உருவவேண்டும், உயரத்தில் இருப்பதை நீளக் கழியால் தட்டவேண்டும். கழியை ஓங்கி அடித்தேன் என்று அந்தப் பாட்டி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார், அடுத்த வருஷம் காய்க்கிற துளிர் ஒடிந்துவிடுமாம். கஷ்டம் அதற்கு அப்புறம்தான். வலையைச் சுருட்டி, காயை ஓரிடத்தில் குவித்து, இலையையும் குச்சியையும் பொறுக்கவேண்டும், குனிந்தே இருப்பதால் மூன்றாம் நாள் இடுப்பு கழன்றுவிடும். மூட்டையில் கட்டி நாலு நாள் போட்டால் காய் சூடேறி எண்ணெய் நாறிவிடும் என்று, சீக்கிரமே லகார் என்கிற செக்குக்கு ஏற்றிவிடுவார்கள். காய் கொஞ்சமாக இருந்தால் மற்றவர்கள் காயோடு கலந்து ஆட்டி, எடைக்கு ஏற்ற எண்ணெயைத் தருவார்கள், தனியாக ஆட்டித்தர இத்தனை கிலோ வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. எங்களுக்கு நூறு கிலோவுக்குப் பன்னிரண்டு லிட்டர் கிடைத்தது. செக்கிலேயே சுட்ட மக்காச்சோள ரொட்டியில் அந்தப் பச்சை எண்ணெயை ஊற்றித் தின்னக் கொடுத்தார்கள், தொண்டையில் காரமாக இறங்கியது.

சைவம் என்றால் இப்போதே பச்சையாக எழுதிவிடு. கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்தான், சைவம்தான் என்பார்கள், அடியில் இரண்டு வட்டம் பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். அவர்கள் கணக்கில் அது வாசனைக்கு.

தனியாகப் போவது பற்றி. இதற்கு முன் நான் போன முதல் பண்ணையிலிருந்து ஐந்தாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தனி அறை என்றார்கள், தாழ்ப்பாள் இல்லாத ஒரு பழைய கேரவன். ஐந்து மணி நேரம் எட்டானது, தோட்ட வேலை என்று சொல்லிவிட்டு அவர்கள் வாடகைக்கு விடும் அறைகளைக் கூட்டிப் பெருக்க வைத்தார்கள். அதற்கப்புறம் வீடியோவில் பேசாமல் நான் எங்கும் போவதில்லை. அறையைக் காட்டச் சொல், கதவு உள்ளே பூட்டுமா என்று கேள், பஸ் நிறுத்தம் நடக்கிற தூரமா என்று கேள், போன தடவை வந்த ஒரு பெண்ணிடம் பேசவேண்டும் என்று கேள். நல்லவர்களுக்கு இதில் கோபம் வராது. திரும்பி வரும் டிக்கெட் காசைத் தனியாக வைத்துக்கொள், பிடிக்காத இடத்தில் ஒரு ராத்திரிகூடத் தங்கத் தேவையில்லை.

ஐந்திணை:
விசாவைப் பற்றி மட்டும். ஜெர்மனி வதிவிட அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஐரோப்பிய நாடுகள், போர்ச்சுகலும் அதில் ஒன்று) 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம், அது சுற்றிப் பார்க்க. அதில் உள்ள வேலை அனுமதி ஜெர்மனிக்கு மட்டும்தான். சம்பளம் இல்லை, சோறு மட்டும்தானே என்று நாம் நினைப்போம், சோறும் கூலிதான் என்று பார்க்கிற நாடுகளும் உண்டு. நியூசிலாந்து அப்படித்தான் பார்க்கிறது. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு 30 நாள் வரை உதவலாம், தனியார் தோட்டம் அதில் வராது. அதனால் போர்ச்சுகல் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். பண்ணைக்காரர் 'ஒன்றும் ஆகாது' என்பது பதில் இல்லை, மாட்டினால் மாட்டுவது நீங்கள். காப்பீட்டில் விவசாய வேலையில் படும் காயம் சேருமா என்றும் பாருங்கள், பலதில் சேராது.

தூக்கணாங்குருவி:
அக்கா, நேற்று வீடியோவில் பேசினேன். பாட்டி கதவைத் திறந்து மூடித் தாழ்ப்பாளைக் காட்டினார், கேட்டதற்குச் சிரித்தார். சூப்பில் தொத்திறைச்சி போடுவீர்களா என்றேன், கொஞ்சூண்டு என்று விரலில் அளவு காட்டினார்! உனக்குத் தனிச் சட்டி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆலிவ் நவம்பரில்தானாம், நீங்கள் சொன்னது சரி, பதினொன்றாம் தேதி செஸ்ட்நட் என்கிற கொட்டையைச் சுடுகிற திருநாள் இருக்கிறது, அதற்கு முன்னால் வந்துவிடு என்கிறார். தூதரகத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் வராமல் டிக்கெட் போடப் போவதில்லை. கரிசல் அண்ணா, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், கட்டில் இருக்கிறதா?

கரிசல்காட்டான்:
இருக்கிறது. தாழ்ப்பாளும் இருக்கிறது. பொங்கலுக்குள் களையெடுப்பு முடிந்துவிடும், உளுந்து பறிக்க வாருங்கள்.

பனங்கிழங்கு:
கம்பளிக் காலுறை நாலு ஜோடி எடுத்துக்கொள் தங்கச்சி. அந்தக் கல்வீடுகளில் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் குளிர்.