என்சைம் கைனெடிக்ஸ் (நொதிகள் வேலை செய்யும் வேகத்தின் கணக்கு) சொல்லித் தர யாராவது இருக்கீங்களா?

வணக்கம் அண்ணா, அக்கா. சொந்த ஊர் கோபி. கோவையில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்தான்.

செல்லுக்குள் குளுக்கோஸ் உடையும் கிளைகாலிசிஸின் 10 படிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். என்சைம் கைனெடிக்ஸ் வந்தால்தான் திணறுகிறேன். போட்டித் தடுப்பான் (என்சைமில் வினைப்பொருள் உட்காரும் இடத்துக்குப் போட்டி போடும் பொருள்) இருந்தால் வீமேக்ஸ், அதாவது உச்ச வேகம், மாறாது; கேஎம், அதாவது அதில் பாதி வேகத்துக்கு வேண்டிய வினைப்பொருள் அளவு, கூடும் என்பது மனப்பாடம். ஆனால் வேகத்தையும் வினைப்பொருள் அளவையும் தலைகீழாக்கி (1/வேகம், 1/அளவு என்று) வரையும் லைன்வீவர்-பர்க் வரைபடத்தில், தடுப்பான் இருக்கும்போதும் இல்லாதபோதும் வரும் அந்தக் கோடுகள் ஏன் ஒய் அச்சில் போய்ச் சந்திக்கின்றன என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது.

லேபில் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்சைமை வைத்துச் சோதனை செய்தோம். 37 டிகிரியில் வைத்த குழாயில் ஸ்டார்ச் சிதைந்துபோய், அயோடின் விட்டும் நீலமே வரவில்லை. கொதிக்கவைத்த எச்சில் ஊற்றிய குழாயில் கருநீலம் அப்படியே நின்றது. கண்ணால் பார்த்ததால் அது மறக்கவே இல்லை. அந்த மாதிரி மனசில் பதியும்படி கைனெடிக்ஸையும் தமிழில் சொல்லித் தந்தால் போதும்.

சனி, ஞாயிறில் ஈரோடு, திருப்பூர், கோவை எங்கே என்றாலும் நேரில் வருகிறேன். போனில் என்றாலும் சரிங்க. அப்புறம், படித்து முடித்தவர்கள் கணக்குப் போட்ட பழைய நோட்டு வைத்திருந்தால், ஜெராக்ஸ் எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். செமஸ்டருக்கு மூன்று வாரம்தான் இருக்குங்க.