புதுப்பிப்பு: இரு திசையிலும் வளையும் வெட்டு, சர்ஃபேஸ் (தடிமனற்ற பரப்பு) மூலம் தீர்ந்தது

சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஒரு கைப்பிடியின் மேற்புறத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வளையுமாறு வெட்டுவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. எக்ஸ்ட்ரூட் கட் (வரைந்த வடிவத்தை நேராக நீட்டி வெட்டும் கட்டளை) ஒரு திசை வளைவை மட்டுமே தருவதால், இரு பக்கச் சுவர்களிலும் நடுத்தளத்திலும் வரைந்த மூன்று வளைகோடுகளைக் கொண்டு பவுண்டரி சர்ஃபேஸ் (வளைகோடுகளை இணைத்து உருவாகும் பரப்பு) அமைத்து, 'கட் வித் சர்ஃபேஸ்' கட்டளையால் வெட்டச் சொன்ன யோசனையே பலித்தது.

எதிர்பாராதது ஒன்று: சர்ஃபேஸின் விளிம்பு பக்கச்சுவரோடு சரியாக ஒட்டி முடிந்திருந்த வரை வெட்டு நிகழவில்லை. பரப்பை நீட்டும் 'எக்ஸ்டெண்ட் சர்ஃபேஸ்' கட்டளையால் எல்லா விளிம்புகளையும் 5 மி.மீ. வெளியே நீட்டியதும் தடையின்றி வெட்டியது. அதிலும் அதே வளைவைத் தொடரும் 'சேம் சர்ஃபேஸ்' தேர்வு ஓரத்தைச் சுருட்டியதால் நேராக நீட்டும் 'லீனியர்' தேர்வே பொருந்தியது. வெட்டும் கட்டளையில் தோன்றும் அம்புக்குறி காட்டுவது நீங்கும் பக்கத்தை, எஞ்சும் பக்கத்தையன்று. வெட்டியபின் சர்ஃபேஸை மறைத்து வைக்கலாம்; ஃபீச்சர் மரத்திலிருந்து (மாதிரியை உருவாக்கிய படிகளின் பட்டியல்) நீக்கினால் வெட்டும் சேர்ந்தே போய்விடும்.