ஐபி டிப்ளமாவா, ப்ளஸ் டூவா? மகளுக்காகக் கேட்கிறேன்

மலர்_கோவை:
மகள் இந்த மார்ச்சில் பத்தாவது முடிக்கிறாள், சிபிஎஸ்இ. கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். கூடப் படிக்கும் பெண் ஐபி டிப்ளமா (இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம், ப்ளஸ் டூவுக்குப் பதிலாக இரண்டு வருடம்) உள்ள பள்ளிக்கு மாறுகிறாளாம். தானும் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டுக்காரரோ, "அந்த ரெண்டு வருச ஃபீஸில் இன்ஜினியரிங்கே முடிச்சிடலாம்" என்கிறார். கல்லூரி இங்கேயா வெளிநாடா என்று இன்னும் யோசிக்கவே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:
இருபது வருடமாக ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். மேடம், கடைசி வரியில் எழுதியதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஐபி தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுவைத் தாண்டி ஓடும். நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. காலையில் உயிரியல் பேப்பர் எழுதிய பிள்ளை அந்த வாரமே நீட்டும் எழுத வேண்டுமா? ரிசல்ட் வேறு ஜூலையில்தான். நம் ஊர் இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அரை மார்க்குக்கு எத்தனை பேர் வரிசையில் முன்னே பின்னே போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஐபியில் ஒரு பாடத்துக்கு 1 முதல் 7 வரை கிரேடு. அதை மார்க்காக மாற்றி இந்த வரிசையில் நிற்க வேண்டும்.

பழைய_ஐபி:
அக்கா, நான் ஐபி முடிச்சவன். சார் சொன்ன தேதிச் சிக்கல் உண்மை, அதுல விவாதமே இல்ல. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் டிப்ளமாவை ப்ளஸ் டூவுக்கு இணையா ஏத்துக்குது, ஆனா நீட்டுக்கு அது தனியா கோச்சிங் தராது.

ஆனா படிப்பு எப்படின்னு யாருமே சொல்லலையே? ஆறு பாடம். மூணு ஹையர் லெவல், அதாவது ஆழமா படிக்கிறது, ஒவ்வொண்ணுக்கும் 240 மணி நேரம். மூணு ஸ்டாண்டர்ட் லெவல், ஒவ்வொண்ணுக்கும் 150 மணி நேரம். 7 வீதம் 42 பாயிண்ட். அதுக்கு மேல 4000 சொல்லுக்குள்ள ஒரு ஆய்வுக் கட்டுரையும், "ஒரு விஷயம் நமக்கு எப்படித் தெரியும்?"னு கேக்கிற அறிவுக் கோட்பாடு பாடமும் சேர்ந்து 3. மொத்தம் 45. 24-க்குக் கீழ போனா டிப்ளமா கிடையாது.

என் ஆய்வுக் கட்டுரை வேதியியல்ல. நொய்யல் ஓரமா பத்துப் பன்னண்டு கிணத்துத் தண்ணி எடுத்து கடினத்தன்மை பாத்தேன். ஆத்துல இருந்து தள்ளிப் போகப் போக குறையும்னு நெனச்சேன். குறையல. ஒரு கிணத்துல எகிறிக்கிட்டு நின்னுச்சு. மூணு தடவை டைட்ரேஷன் போட்டும் அதே கதை. அழுகையா வந்துச்சு. வழிகாட்டி ஆசிரியர், "நம்பரை மாத்தாதே, ஏன் இப்படி வந்ததுன்னு எழுது" அப்படின்னார். அந்த ஏனுக்கே எட்டுப் பக்கம் போச்சு. ப்ளஸ் டூ படிச்ச என் தங்கச்சியோட ப்ராக்டிகல்ல, வரவேண்டிய விடை முதல்லயே தெரியும். ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதுவாங்க. இல்லைன்னு சொல்லுங்க சார் பாப்போம்.

கணக்கு வாத்தியார்:
இல்லை என்று சொல்ல மாட்டேன் தம்பி.

வெட்டிப்பேச்சு:
கிணத்துத் தண்ணி கதை நல்லாத்தான் இருக்கு. எத்தனை வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கிணறு எட்டும்? ஊர் ஊரா மாறுற அதிகாரிங்க, தூதர்ங்க பிள்ளைகளை மனசுல வச்சு 1968-ல ஜெனீவாவுல ஆரம்பிச்ச படிப்பு. இந்தியாவுல முதல்ல வந்தது 1976-ல கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்ல. அதுவும் மிஷனரி பிள்ளைகளுக்குன்னு தொடங்கின பள்ளி. இங்க நாம சமச்சீர்க் கல்விக்கு அடிச்சிக்கிட்டோம், மேட்டுக்குடிக்கு மட்டும் தனிப் பாதை.

பழைய_ஐபி:
ஃபீஸைப் பத்தி நீங்க சொல்றது சரி. பாடத்திட்டமே பணக்காரங்களுக்குன்னா தப்பு. சிகாகோவுல 1997-ல சாதாரண ஏரியா அரசுப் பள்ளிகள்ல ஐபி கொண்டுவந்தாங்க. படிச்சவங்கள்ல பெரும்பாலும் கறுப்பின, ஹிஸ்பானிக் ஏழைப் பிள்ளைங்க. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2012-ல வெளியிட்ட அறிக்கைப்படி, அதே மாதிரி பின்னணி உள்ள மத்தப் பிள்ளைகளை விட அவங்க நாலு வருசக் கல்லூரிக்குப் போற வாய்ப்பு 40 சதவீதம் அதிகம்.

வெட்டிப்பேச்சு:
அங்க அரசாங்கம் கட்டுச்சு. இங்க மலர் அக்கா வீட்டுக்காரர் கட்டணும்.

ஜூரோங்_வாசி:
சிங்கப்பூரிலிருந்து. இங்கே பெரும்பாலோர் ஏ-லெவல்தான் (நம் ப்ளஸ் டூ மாதிரி). ஐபி ஒரு சில பள்ளிகளில் மட்டும். ஏசிஎஸ் இண்டிபெண்டண்ட் என்ற பள்ளியில் 45-க்கு 45 வாங்குகிற பிள்ளைகள் அதிகம். என் மகன் வாங்கியது 38, எங்களுக்கு அதுவே கோயில் கும்பிடும் மார்க்.

பிரச்சினை தூக்கம். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி ஒப்படைப்பு உண்டு, எல்லாம் ஒரே இரண்டு மாதத்தில் வந்து விழும். சமூக சேவை, விளையாட்டு, கலை என்று பதினெட்டு மாதம் ஓடும் பகுதிக்கு பாயிண்ட் கிடையாது, முடிக்காவிட்டால் டிப்ளமாவும் கிடையாது. மனதார செய்கிற பிள்ளையும் உண்டு. முதியோர் இல்லத்தில் ஒரு மணி நேரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளையும் உண்டு. இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

கணக்கு வாத்தியார்:
உலகத் தரம் என்பார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் கொரோனாவால் மே தேர்வை ரத்து செய்து, ஒப்படைப்பு, பள்ளியின் கணிப்பு, பள்ளியின் பழைய வரலாறு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு கிரேடு கொடுத்தார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் கொதித்தார்கள். 2024 மே-யில், நேர வித்தியாசத்தால் முன்னே தேர்வு முடித்தவர்கள் கேள்விகளை இணையத்தில் போட்டார்கள்.

பழைய_ஐபி:
அதே 2024 மே-ல நீட் தாளும் கசிஞ்சுது சார். ஹசாரிபாக், பாட்னான்னு ஊர் பேரோட உச்ச நீதிமன்றமே சொல்லிச்சு.

கணக்கு வாத்தியார்:
அதுவும் சரி. ராத்திரி ஐபி கணக்கின் ஹையர் லெவல் மூன்றாம் தாள் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டே கேள்வி. ஒவ்வொன்றும் படிப்படியாக உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு இடத்தில் நானே பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். அப்படிக் கேள்வி எடுக்க எனக்கு ஆசைதான், நாற்பத்தைந்து பேர் வகுப்பில் யார் விடுவார்கள்?

மேடம், மகள் சேர்வதானால் கணக்கில் இரண்டு வகை உண்டு. இன்ஜினியரிங் மனதில் இருந்தால் "அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்" ஹையர் லெவல்தான் எடுக்க வேண்டும். சுலபம் என்று மற்றதன் ஸ்டாண்டர்ட் லெவலை எடுத்தால் வெளிநாட்டிலும் பல கதவு மூடிவிடும்.

மலர்_கோவை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்தப் பள்ளிக்கே போய்வந்தோம். நீச்சல் குளம், ரோபோட்டிக்ஸ் அறை எல்லாம் சுற்றிக் காட்டினார்கள். "ஹையர் லெவல் இயற்பியல் யார் எடுக்கிறார்கள், எத்தனை வருடமாக?" என்று கேட்டேன். பழையவர் போய்விட்டாராம், புதியவர் ஜூலையில் வந்துவிடுவாராம். மகள் வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஆனா எனக்கும் ஒரு கிணறு வேணும்மா" என்றாள். பழைய_ஐபி தம்பி எழுதியதைப் படித்திருக்கிறாள்.

கணக்கு வாத்தியார்:
அந்த ஜூலை ஆசிரியரைக் கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள் மேடம். இப்போதைய பள்ளியில் டிசி மட்டும் இப்போதே வாங்கிவிடாதீர்கள்.