மறுமொழி: பல் இம்பிளான்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘பல்லூன்றி’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

பல் இம்பிளான்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பல் உள்வைப்பு, பல் பதியம், செயற்கைப் பல்வேர், பல்லாணி, நடுபல் ஆகிய ஐந்து பரிந்துரைகளையும் அவற்றுக்கான காரணங்களோடு படித்தேன். என் பரிந்துரையைச் சொல்லுமுன், நாம் எந்தப் பொருளுக்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கே அது விளங்கியது வீட்டில் நடந்த ஒரு சங்கடத்தால்தான்.

சென்ற ஆண்டு என் மாமியாருக்குக் கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்த இடத்தில் இம்பிளான்ட் வைப்பதற்காக, பெங்களூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு பல் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். ‘இம்பிளான்டுக்கு இவ்வளவு’ என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். பல் முழுவதற்கும் அதுதான் விலை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மூன்றரை மாதம் கழித்துப் போனபோது, நடுவில் வரும் இணைப்புக்கு ஒரு தொகை, அதன்மேல் பல் வடிவில் வரும் கேப்புக்கு இன்னொரு தொகை என்று புதிதாக ஒரு மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள். ‘பல்லு கட்டுறோம்னு சொல்லிட்டு ஆணியை மட்டும் முடுக்கி அனுப்பியிருக்காங்க’ என்று ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை மாமியார் சொல்லிக்கொண்டே வந்தார். மருத்துவமனை ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்தான் இடத்துக்கு இடம் வழுக்குகிறது: மருத்துவர் வாயில் அது எலும்புக்குள் போகும் திருகு, நோயாளியின் காதில் அது மெல்லுவதற்கான பல், விளம்பரப் பலகையில் அது முழுச் சிகிச்சை. புதிய தமிழ்ச்சொல்லும் இதே குழப்பத்தைச் சுமந்து வருமானால் அதை ஆக்குவதால் பயனில்லை.

எனவே எலும்புக்குள் நிற்கும் உறுப்புக்கு மட்டுமே நாம் பெயர் சூட்ட வேண்டும். மருத்துவரின் மேசையில் இருந்த மாதிரித் தாடையில் அதைக் கழற்றிப் பார்த்தேன். ஏறத்தாழ 4 மி.மீ. குறுக்களவும் 10 மி.மீ. நீளமும் கொண்ட, சாம்பல் நிற டைட்டேனியத் திருகு. தோட்டுத் திருகாணியைக் கையாண்டு பழகிய எவருக்கும் அதன் புரிகள் அந்நியமாகத் தோன்றா. அதன் நடுத்துளையில் ஈற்றுக்கு மேலே எட்டிப் பார்க்கும் இணைப்பு உறுப்பு முடுக்கப்படுகிறது. அதன்மேல்தான் பல்லின் வடிவம் உட்காருகிறது. ஆக, பொருள்கள் மூன்று, வேலைகளும் மூன்று.

இனி வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘உள்வைப்பு’ ஏற்கெனவே இணையத்தில் புழங்குவது அதன் வலிமை. ஆனால் வைத்ததை எடுத்துவிடலாம் என்ற தொனி அதில் இருக்கிறது, வங்கி வைப்புத்தொகையின் நிழலும் விழுகிறது. ‘நடுபல்’ நடுகல்லைப் போல அழகான வினைத்தொகைதான், ஆயினும் பேச்சில் ஒரு பகர ஒற்று மிகுந்துவிட்டால் ‘நடுப்பல்’ ஆகி முன்வரிசையின் மையத்துக்குப் போய்விடுகிறது. ‘செயற்கைப் பல்வேர்’ என்று எழுதினால் ஏற்கெனவே ‘வேர் சிகிச்சை’ என்று வழங்கும் இன்னொரு சிகிச்சையோடு நோயாளி இதைக் குழப்பிக்கொள்வார். உடற்கூறும் அதற்கு இடம் கொடுக்கவில்லை: இயற்கைப் பல்லின் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை, இடையில் மெல்லிய நார்த்திசு ஒன்று அதைத் தொட்டில்போலத் தாங்குவதால்தான், கடிக்கும்போது பல் மிக நுண்ணிய அளவில் அசைந்துகொடுக்கிறது. இந்தத் திருகுக்கு அந்தத் தொட்டில் கிடையாது. ‘பல்லாணி’ மாமியார் கட்சிக்கு உவப்பான சொல், எனக்கும் சற்றுப் பிடித்திருந்தது. ஆனால் ஆணி என்றதும் சுத்தியல் நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பதோ, எலும்பு சூடாகிக் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக உப்புநீரைப் பாய்ச்சிக் குளிர்வித்தபடி துளையிட்டு, அளவிட்ட விசையோடு மெல்லத் திருகி இறக்கும் வேலை. நாற்காலியில் படுக்கப்போகும் ஒருவரிடம் தாடையில் ஆணி அடிக்கப்போகிறோம் என்ற எண்ணத்தை விதைப்பது முறையல்ல.

‘பதியம்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை முன்வைத்த நண்பர் வலுவாக வாதிட்டிருந்தார். ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பதும் இலத்தீனில் நடவைக் குறிக்கும் வேர்தான் என்று அவர் காட்டியது சரியே. ஆனால் பதியம் போடுவதைக் கண்டவர்களுக்குத் தெரியும்: தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமலே கிளையை வளைத்து மண்ணில் அழுத்துவோம், கிளை வேர்விடும், மண் சும்மா இருக்கும். தாடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. திருகு உலோகம், அது எதையும் விடாது, வளராது, வளர்வது எலும்பு. சுவீடனின் லுண்ட் நகரில் 1952இல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டேனியக் கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த மருத்துவ ஆய்வாளர் பெர் இங்வார் பிரோனெமார்க், ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது எலும்பு அதை விட மறுத்ததைக் கண்டார். அந்தப் பிடிவாதத்தின்மேல்தான் இன்றைய சிகிச்சை முழுவதும் நிற்கிறது. 1965இல் கோத்தன்பர்க்கில் முதல் நோயாளிக்கு அவர் இதைச் செய்தார். பதியம் என்ற சொல்லில் உயிர் திருகின் பக்கம் போய்விடுகிறது, எலும்பு வெறும் மண்ணாகிவிடுகிறது.

என் பரிந்துரை ‘பல்லூன்றி’. இது எனக்குத் தோன்றியது கன்னடத்தின் தயவால். கேப் பொருத்துவதற்கு முன்பு எடுத்த ஊடுகதிர்ப் படத்தைத் திரையில் காட்டிய உதவியாளர், திருகின் புரிகளுக்கிடையே வெண்மையாகத் தெரிந்த எலும்பைச் சுட்டி, ‘பேரூரிதெ’ என்றார். வேரூன்றியிருக்கிறது என்று மாமியார் உடனே தமிழில் சொன்னார், யாரும் மொழிபெயர்த்துச் சொல்லாமலே. ஊன்றுதல் உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் பொது: வேர் ஊன்றுகிறது, பந்தக்காலையும் கொடிக்கம்பத்தையும் ஊன்றுகிறோம், முதியவர் கோலை ஊன்றுகிறார். பதியத்தில் நான் கண்ட குறை ஆகையால் இதற்கு இல்லை. மேலும் இது நிலைப்படுதல், தாங்குதல் ஆகிய இரண்டையும் ஒரே வினையில் தருகிறது. மேலே வரப்போகும் ஒன்றுக்காகவே கீழே ஊன்றப்படுகிறது என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

இலக்கண அளவில் ஒரு தடை எழலாம். ‘ஊன்றி’ என்பது வினையெச்சமும் ஆகுமே, ‘பல்லை ஊன்றி’ என்று படித்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். தாங்கி, காட்டி, முடுக்கி எல்லாமே அப்படித்தான். சுமைதாங்கியையும் திசைகாட்டியையும் எச்சமாகப் படித்துத் தடுமாறியவர் எவரையும் நான் கண்டதில்லை. வேற்றுமை உருபு ஏறிப் ‘பல்லூன்றியை’, ‘பல்லூன்றியில்’ என்று வந்ததும் ஐயம் மறைந்துவிடுகிறது. பல் என்னும் தனிக்குறிலடுத்த ஒற்று இரட்டித்து ஊன்றியோடு சேர்வதால் ஒலியும் நெருடவில்லை.

கிளைச்சொற்களை ஆக்கிப் பார்த்தேன். வாய்க்குள் செய்யும் அந்த அறுவை ‘ஊன்றல்’. நடுவில் வரும் இணைப்பு ‘இடைமுளை’, மாட்டைக் கட்ட அடிக்கும் முளையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வருவது ‘பல்லுறை’. ‘மகுடம்’ என்று சிலர் எழுதுவது எனக்குச் சற்று மிகையாகப் படுகிறது. பராமரிப்புக் குறைவால் திருகைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் சீழ்ப்பட்டுக் கரையும் நோய் ‘ஊன்றிசூழ் அழற்சி’. தாடைக்கு நான்கு திருகுகளை வைத்து முழு வரிசையையும் நிறுத்தும் முறையை ‘நான்கூன்றி வரிசை’ எனலாம். பல்லுக்கு வெளியேயும் இது ஓரளவு நீளும்: மண்டையெலும்பில் பொருத்தும் செவித்துணைக் கருவியும் பிரோனெமார்க்கின் தத்துவத்தில் வந்ததே, அதை ‘எலும்பூன்று செவிக்கருவி’ என்று சொல்லிவிடலாம். தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிக்கோ மார்பகத்தில் வைப்பதற்கோ இச்சொல் பொருந்தாது. அங்கே ‘உள்வைப்பு’ இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டும் என்பது ஆங்கிலத்தின் வசதி, அது நமக்குக் கட்டளை அன்று.

எலும்பு டைட்டேனியத்தைப் பிடித்துக்கொள்ளும் நிகழ்வுக்கு மட்டும் எனக்கு முழு நிறைவு தரும் சொல் அமையவில்லை. ‘எலும்பு ஒருங்கிணைப்பு’ அரசாங்கச் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது. மருத்துவர்கள் பேசும்போது ‘எலும்பு பிடிச்சுக்கணும்’ என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் ‘எலும்புப்பிடிப்பு’ என்று எழுதினால் கழுத்துப்பிடிப்பு, முதுகுப்பிடிப்பு வரிசையில் போய் நின்று தைலம் கேட்கும். இப்போதைக்கு ‘எலும்புப்பற்று’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பற்றுவது எலும்பு என்பதையாவது அது சரியாகச் சொல்கிறது. இதைவிடச் சிறந்தது இருந்தால் எழுதுங்கள். அல்சூர்ப் பகுதித் தமிழ் நோயாளிகளுக்காக நான் எழுதிவரும் இரண்டு பக்கத் துண்டறிக்கை அடுத்த மாதம்தான் அச்சுக்குப் போகிறது.

அந்தத் துண்டறிக்கையின் முதல் வரைவை நேற்று மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். ‘முதல் நாள் தாடையில் பல்லூன்றி பொருத்தப்படும்’ என்ற வரியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். ‘அப்போ பல்லு என்னைக்கு? அதுக்குத் தனியா எவ்வளவு?’

அன்புடன்,
பெங்களூரிலிருந்து