எயார் லங்கா ஓட்டியது மாடி விமானமா, இல்லையா?

பழைய போர்டிங்பாஸ்:
நேற்று யூடியூபில் ஒரு தம்பி கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்: “இரட்டைத்தட்டு விமானம் என்றால் எயார்பஸ் ஏ380 மட்டும்தான். இலங்கைக் கம்பனி எதுவும் அப்படி ஒன்றை ஓட்டியதே இல்லை.” குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி புரையேறிவிட்டது. எண்பதுகளில் எயார் லங்காவிடம் போயிங் 747 இருந்தது. முன்பு அவுஸ்திரேலியாவின் குவான்டாஸிடம் பறந்தவை. 83க்குப் பிறகு லண்டன் போய்விட்ட மாமா வீட்டுக்கு 1985இல் அதில்தான் போனோம். முன்பக்கத்தில் மாடிக்கு ஏறும் சுழல்படி இருந்தது. பிறப்பதற்கு முந்திய காலத்தைப் பற்றிக் கதைப்பவர்கள் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கதைக்கலாம்.

ஜன்னலோரம்:
அண்ணை, 747இல் இருப்பது மாடி இல்லை, கூன். ஏ380இல் இரண்டு தட்டும் முன்னாலிருந்து பின்னால் வரை போகும். 853 பேர் வரை ஏற்றலாம் என்று சான்றிதழ் இருக்கிறது. உங்கள் கூனுக்குள் எத்தனை பேர்?

பழைய போர்டிங்பாஸ்:
கூனாம்! வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் ஓர் அறையை எழுப்பி வாடகைக்கு விடுகிறார்களே, அது மாடி இல்லையா? படி இருந்தால் மாடி. அங்கே படி இருந்தது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அப்படி ஓர் அறைக்கு ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கட்டிவிட்டு மூன்று மாதம் வாளியில் தண்ணீர் சுமந்தவன் நான். மாடி என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மட்டுறுத்துநர்:
இரட்டைத்தட்டு என்றால் என்ன என்று முதலில் ஒரு வரைவிலக்கணம் வைத்துக்கொள்வோமா? முழு நீளத் தட்டா, அல்லது பயணிகள் அமரும் எந்த மேல்தட்டும் சேருமா?

பழைய போர்டிங்பாஸ்:
வரைவிலக்கணம் பள்ளிக்கூடத்துக்கு. நான் படியைக் கண்ணால் கண்டவன்.

ஜன்னலோரம்:
நானும் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 14, கட்டுநாயக்கவில் எமிரேட்ஸின் ஏ380 இறங்கிய நாள். ஓடுபாதையைப் புதுப்பித்து முடித்த வருடம். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வேலியோரம் நின்றேன். இறக்கையின் நிழல் றோட்டையும் எதிரே இருந்த இளநீர்க் கடையின் தகரக் கூரையையும் ஒரே வீச்சில் மூடித் திறந்தது. இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். இறக்கையின் அகலம் மட்டும் கிட்டத்தட்ட 80 மீற்றர். அது விமானம்!

பழைய போர்டிங்பாஸ்:
ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன விருந்தாளியை வீட்டுப் பிள்ளை என்று கொண்டாடுகிறீர்கள். எங்களுடையதன் வாலில் மயில் இருந்தது, தம்பி.

சரக்குப் பெட்டி:
நான் சரக்கு அனுப்பும் வேலையில் இருப்பவன். ஏ380ஐப் பற்றி இப்படி உருகுகிறவர்கள் அதன் வயிற்றைப் பார்த்ததில்லை. இரண்டு தட்டு ஆட்களின் பெட்டிகளும் ஒரே கீழ்த்தட்டுக்குள்தான் போகவேண்டும். அப்புறம் துணிப் பொதிகளுக்கு எங்கே இடம்? எங்களுக்கு போயிங் 777 தான் உதவி. அதுவும் இரண்டே எஞ்சினில் ஓடுகிறது, இதற்கு நாலு. 500 இருக்கையைத் தினமும் நிரப்ப முடியாமல்தான் எயார் பிரான்ஸ் 2020இல் கைவிட்டது. மொத்தம் விற்றது 251, அதில் 123 எமிரேட்ஸுக்கு. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தினால் என்ன நடக்கும்? 2021இல் கடைசி விமானத்தைக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினார்கள்.

ஜன்னலோரம்:
சரக்கு அண்ணைக்கு மனிதர்களும் பொதிகள்தான். யாழ்தேவி ரயில் பற்றிய திரியிலும் இப்படித்தான் வந்து குழப்பினீர்கள்.

சரக்குப் பெட்டி:
யாழ்தேவித் திரியில் நான் சொன்னதுதான் சரி. அதை இன்னும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

கடலோரக் காகம்:
ஏ380தான் மாடி விமானம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஜேர்மனியின் லுஃப்தான்சா ஏ380, 747இன் புதிய வகையான 747-8 இரண்டையும் ஓட்டுகிறது. ஏ380இல் மேலே இருப்பவர் மாடியில் இருக்கிறார், 747-8இல் மேலே இருப்பவர் என்ன, கூரையிலா தொங்குகிறார்?

பழைய போர்டிங்பாஸ்:
காகத்துக்கு இருக்கிற மூளை! கொரியன் எயாரும் எயார் சைனாவும்கூட 747-8 வைத்திருக்கிறார்கள். 1970இல் பான் ஆம் நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு 747ஐக் கிளப்பியபோதே மேலே ஒரு தட்டு இருந்தது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் ஏ380ஐச் சிட்னிக்குக் கொண்டுபோனது 2007இல். 37 வருடம் மூத்தவனைப் பார்த்து, நீ மாடியே இல்லை என்கிறது நேற்றுப் பிறந்தது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அண்ணை, ஒன்று கேட்கலாமா? 85இல் நீங்கள் மேலே போனீர்களா?

பழைய போர்டிங்பாஸ்:
எனக்கு அப்போது 11 வயது. படியில் கம்பளம் ஒட்டியிருந்தது, விளிம்பில் ஒரு உலோகப் பட்டி. செருப்புப் பட்டால் கிணுங்கென்று சத்தம் வரும். மூன்றாவது படியில் கால் வைத்தேன். மயில்சேலை கட்டிய பணிப்பெண் வந்து தோளைப் பிடித்துத் திருப்பி அம்மாவிடம் கொண்டுபோய் விட்டார்.

ஜன்னலோரம்:
ஆக, அண்ணை மாடியைப் பார்க்கவே இல்லை!

பழைய போர்டிங்பாஸ்:
மேலே ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஜன்னலோரம்:
சிரித்தது விமானியாக இருக்கும். அவர் அறையும் மேலேதான்.

பழைய போர்டிங்பாஸ்:
பெண்குரல் தம்பி, பெண்குரல். கிளாஸ் முட்டுகிற சத்தமும் கேட்டது.

மட்டுறுத்துநர்:
வரைவிலக்கணம் பற்றிக் கேட்டிருந்தேன்.

சரக்குப் பெட்டி:
யாழ்தேவித் திரியின் இணைப்பு யாரிடமாவது இருக்கிறதா? இன்று அதைத் தீர்த்துவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
சிரிப்புச் சத்தத்தை வைத்து மாடி என்று சொல்லலாம் என்றால், எங்கள் பக்கத்து ஹோட்டலும் மாடிதான். தட்டி ஒன்றுக்குப் பின்னால் இரவு முழுக்கச் சிரிக்கிறார்கள்.

பழைய போர்டிங்பாஸ்:
நக்கல் காணும். அந்தப் படியடியில் நான் நின்ற படம் கனடாவில் அக்காவிடம் இருக்கிறது. இப்போதுதான் செய்தி போட்டேன். அங்கே விடியட்டும், எல்லாரும் பார்ப்பீர்கள்.

ஜன்னலோரம்:
படத்தில் படி தெரியும் அண்ணை. மாடி தெரியுமா?